பொய்யூரில் ஒரு தெரு

பிரணவ் முதல் தடவை எங்கள் காலனிக்கு வந்தபோது, "இனிமே உங்களுக்காக வேற யாரும் வீடு வரைய மாட்டாங்க. உங்க ஊரை நீங்களே வரைஞ்சுக்கலாம்" என்றான். சென்னைப் பையன். கட்டடக்கலை படித்தவன். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஒரு நிவாரண நிறுவனத்தின் ஆள். பேச்சில் தேன் ஒழுகும். புயலில் கூரை போய், மாதக்கணக்காகத் தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டிருந்த எங்கள் சனம் அவனை வாயைப் பிளந்து பார்த்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவனுக்கு உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது, நான் பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் கிடந்தேன். வேலையை வாங்கிக்கொண்டேன். எரிச்சலுக்குச் சம்பளம் கிடைத்தால் கசக்குமா என்ன?

வேலை இதுதான். எங்கள் ஓடைமருதூர் புயலுக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார்கள். கண்ணை முழுக்க மூடுகிற ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கணுக்காலில் பட்டை கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் வைத்தால் போதும், அந்த ஊருக்குள் நடப்போம். கோயில் இருக்கும், குளம் இருக்கும், இடிந்துபோன நம் வீடு இடியாமல் நிற்கும். யார் மாட்டிக்கொண்டாலும் அவரவர் முகத்தோடு ஓர் உருவம் உள்ளே நடமாடும். நிறுவனம் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. எங்கள் பெண்கள் பொய்யூர் என்றார்கள், அதுவே நின்றுவிட்டது.

"நீங்க சும்மா நடங்க, போதும்," என்று பிரணவ் விளக்கினான். "தண்ணிக்கு எப்படிப் போறீங்க, கடைக்கு எப்படிப் போறீங்க, எங்க நின்னு பேசறீங்க, எல்லாத்தையும் அது பார்த்துக்கிட்டே இருக்கும். கால் அதிகமா போற இடத்துல ரோடு அகலமாகும். கால் போகாத ரோடு மெல்ல மறைஞ்சுடும். வீடு, வாசல், கடை எல்லாமே கால் போற பக்கமா தானா நகரும். கடைசியில என்ன வருதோ அதைத்தான் நாங்க நிஜத்துல கட்டுவோம். மனுஷங்க வாய் ஒண்ணு சொல்லும் அக்கா, ஆனா கால் பொய் சொல்லாது."

கால் பொய் சொல்லாதாம். எங்கள் ஊர்க் கால்களைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

ஓடைமருதூரில் ஒரே ஒரு பெரிய தெரு. அதன் வடக்குக் கோடியில் மேடு, மேட்டின்மேல் பள்ளிக்கூடம். தெருவின் இரண்டு பக்கமும் ஊர்க்காரர்கள் வீடு. தெற்கே தெரு முடிகிற இடத்தில் பள்ளம், பள்ளத்தில் எங்கள் காலனி. பெரிய தெருவில் நேராக ஏறினால் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் நாங்கள் அதில் ஏறுவதில்லை. கிழக்கே வாய்க்கால் கரையைப் பிடித்து ஊரைச் சுற்றிக்கொண்டு போவோம். இப்போதெல்லாம் யாரும் கயிறு கட்டி மறிப்பதில்லை. சட்டம் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. எங்கள் பையன்கள் அந்தத் தெருவில் பைக்கில் சர்ரென்று போய், மண்டை உடைந்து திரும்பி வந்த கதையும் இருக்கிறது. அதனால் பழகிய கால் சுற்றித்தான் போகும்.

புயலன்று தண்ணீர் ஏறியபோது என் அக்கா தமிழ்க்கொடி நிறைமாதம். பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கிளம்பினோம். உயிர் போகிற அந்த நேரத்திலும் எங்கள் கூட்டம் தானாக வாய்க்கால் கரைக்குத்தான் திரும்பியது. பெரிய தெருவில் கரண்டைக்கால் தண்ணீர்கூட இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். வாய்க்கால் கரை உடைந்து அக்காவை இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்தபின் கருவை முள்ளில் கிடந்தாள்.

இதை நான் பிரணவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டான், பாவம். "இதுக்காகத்தான் அக்கா இந்த புராஜெக்ட்டே. தூண் மேல ரெண்டு மாடி, எவ்வளவு தண்ணி வந்தாலும் தாங்கும், அப்படி ஒரு புயல் கட்டடம் வரப்போகுது. அது எங்க வரணும், வழி எப்படிப் போகணும், எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்றான்.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வீட்டைக் கோழிக்கூடு மாதிரி கட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை. காலனியிலிருந்து அந்தப் புயல் கட்டடத்துக்குச் சுற்றாமல் ஒரு நேர் வழி வேண்டும்.

காற்றில் ஊர்க்காரர்கள் வீடுகளும் விழுந்திருந்தன, அவர்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார்கள். மூஞ்சியில் மாட்டுகிற சாமானாம், வியர்வை படுமாம், அதனால் அவர்களுக்குத் தனிக் கண்ணாடி வேண்டுமாம். பிரணவ் மறுபேச்சு பேசாமல் இன்னொரு செட் வரவழைத்தான். எங்களுடையதில் அடையாளத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினான். "சுகாதாரம்தானேக்கா, நல்லதுதானே" என்றான். டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவனும் இப்படி ஏதாவது ஒரு நல்ல பெயர் சொல்லித்தான் வைத்திருப்பான். நாளும் தனித்தனி. அவர்கள் கோயில் மண்டபத்தில் ஒரு நாள் நடப்பார்கள், நாங்கள் எங்கள் சமுதாயக் கூடத்தில் மறுநாள்.

எங்கள் முறை வந்ததும் முதலில் என் அப்பா வேம்பையனுக்குத்தான் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவர் உள்ளே பார்ப்பது எனக்குத் திரையில் தெரியும். எங்கள் பழைய வீட்டைக் கண்டதும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நடந்தார். பெரிய தெருவின் வாய்க்கு வந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. அன்று ஊர்க்காரர்கள் முறையே கிடையாது, எப்படி இருப்பார்கள்? வெறும் கரண்டில் ஓடுகிற தெரு அது. அப்பா அதன் வாயில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சமுதாயக் கூடத்தில், எங்கள் எல்லார் கண்ணெதிரேயும், நிஜத் துண்டை. பிறகு கிழக்கே திரும்பி வாய்க்கால் கரையைப் பிடித்தார்.

"அப்பா, அங்கதான் யாருமே இல்லையேப்பா!" என்று கத்தினேன்.

"வீடு இருக்குல்ல" என்றார்.

அவர் மட்டுமா? அத்தனை பேரும் அப்படித்தான். காலேஜ் படிக்கிற பெண்கள்கூடத் தெருவின் வாயில் வந்து நின்று, கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, கரைக்குத் திரும்பினார்கள். நான் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். உனக்கென்ன, நீ படிச்ச புள்ள, சொல்லிட்டுப் போயிடுவ என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடிகளைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன்.

மாதம் ஒன்று போனது. பிரணவ் பெரிய திரை கட்டி முதல் வரைபடத்தைக் காட்டினான். வாய்க்கால் கரையில் அழகான நடைபாதை. இரண்டு பக்கமும் புங்கமரம். நடுநடுவே உட்கார பெஞ்சு. பெரிய தெருவின் தெற்கு வாய் அடைபட்டுப்போய், அங்கே ஒரு பூங்கா. பூங்காவுக்கு ஆளுயரச் சுவர், சுவர்மேல் போகன்வில்லா. புயல் கட்டடம் வடக்கு மேட்டில். நாங்கள் அதற்குப் போக வேண்டுமானால் பழையபடி அதே வாய்க்கால் கரைதான், அக்கா செத்த கரைதான்.

"இந்தச் சுவத்த யாரு கேட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கலக்கா. அதுதான் விசேஷம்," என்றான் பிரணவ். "அந்த இடத்துல ரெண்டு பக்கத்துக் காலும் போகவே இல்ல. அதனால அது ஒரு எல்லைன்னு சிஸ்டம் புரிஞ்சுக்கிச்சு. உங்க ஆளுங்களுக்கு வாய்க்கால் கரைதான் பிடிச்சிருக்கு, பாருங்க, எல்லாரும் அந்தப் பக்கமே போயிருக்காங்க."

"பிடிச்சா? பயந்துக்கிட்டுப் போறாங்க தம்பி! தலைமுறை தலைமுறையா அடிச்சு வெரட்டின கால் அது!"

"எனக்குப் புரியுதுக்கா. நிஜமாவே புரியுது. ஆனா நான் கை வச்சு மாத்தினா, அது உங்க டிசைனா இருக்காது, என் டிசைன் ஆயிடும். பணம் குடுக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. கையால மாத்தவே முடியாது. மாசக் கடைசியில பிளானைப் பூட்டிடுவாங்க. அதுக்குள்ள உங்க ஆளுங்க வேற மாதிரி நடந்தா, பிளான் தானா வேற மாதிரி வரும்."

அடேங்கப்பா, எவ்வளவு சுலபம்! நேரே போய், நிவாரணச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த எங்கள் சனத்தின் நடுவில் நின்றேன். எனக்குப் பேச்சு நிதானமாக வராது. "அக்கா செத்த கரையில பெஞ்சு போட்டுத் தரானாம். எல்லாரும் போய் உக்காந்து காத்து வாங்குங்க. பொய்யூர்லகூட நடக்கத் துப்பில்லாத காலுக்கு பெஞ்சுதான் லாயக்கு" என்றேன். சில பேர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒரு சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்து எங்கள் முறை வந்தபோது அவர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். "மாட்டு" என்றார்.

அப்பா பெரிய தெருவில் கால் வைத்தார். அங்கே தெரு காலியாகக் கிடந்தது. இங்கே சமுதாயக் கூடத்தில் அவர் வேட்டி நடுங்கியது. நான் திரையைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். வடக்கு மேடு வரை போனார். பள்ளிக்கூடத்து வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றும்போது முகமெல்லாம் வியர்வை. "என்னா நீளம் அந்தத் தெரு" என்றார். அவ்வளவுதான். அவருக்குப் பிறகு பெண்கள் நடந்தார்கள், பையன்கள் நடந்தார்கள், தட்டைத் தள்ளிய சித்தப்பாவும் நடந்தார்.

பொய்யூரில் கால் பட்ட மண் தேய்ந்து வெளுக்கும். மறுநாள் மண்டபத்தில் கண்ணாடி மாட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் தெருவின் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு தடம் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஊர்த் தலைவர் தியாகசுந்தரம் புல்லட்டில் எங்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிட்டார். இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே கத்தினார்.

"டேய் வேம்பையா! என்னடா நெனச்சுக்கிட்டிருக்க? உங்க ஆளுங்க நடந்த தடம் எங்க வாசல்ல கெடக்கு!"

"அது கம்ப்யூட்டர்லதான் ஐயா" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர்னா என்னடா? வாசல் எங்க வாசல்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்யூரை நிஜம் என்று நம்பியது நாங்கள் மட்டும் இல்லை போலிருக்கிறது. நான் சிரித்ததைப் பார்த்து அவர் இன்னும் கொதித்தார். "சிரிக்கிறியா? சிரி சிரி. நாளைக்கு எப்புடி நடக்குறியன்னு பாத்துடுறோம்" என்று வண்டியைத் திருப்பினார். அந்த வாரம் எங்கள் பெண்கள் ஒருத்தரையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வேனில் ஆள் இறக்கினார்கள். கடையில் எங்களுக்கு அரிசி இல்லை என்றார்கள்.

அடுத்த எங்கள் முறையில், நாங்கள் இங்கே கண்ணாடி மாட்டிய நேரத்தில், அவர்களும் மண்டபத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். பெரிய தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தியாகசுந்தரம் நடுவில். அவருக்கு இரண்டு பக்கமும் மீசையும் கட்டிய கையுமாக ஒரு கூட்டம். எங்கள் ஆட்கள் தெருவின் வாயில் அப்படியே நின்றுபோனார்கள். 

நான் மைக்கில் சொன்னேன். "யாரும் பயப்படாதிங்க. அங்க ஒடம்பு கெடையாது. அவங்களால தடுக்க முடியாது, அடிக்க முடியாது. நேரா நடந்தா ஊடால பூந்து அந்தப் பக்கம் வந்துடுவிங்க."

"ஊடாலன்னா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவங்களுக்குள்ளயே பூந்து."

யாரும் நகரவில்லை. அப்பா நகர்ந்தார். திரையில் தியாகசுந்தரத்தின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நெற்றிச் சந்தனம், மூக்கு, பிறகு திரை முழுக்க ஒரு பழுப்பு நிறம், பிறகு காலித் தெரு. அப்பா அவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார். கூடத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். அடுத்த நொடி அத்தனை பேரும் நடந்தார்கள். எங்கள் பெண்கள் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். மீசைகளுக்குள்ளும் கட்டிய கைகளுக்குள்ளும் நுழைந்து நுழைந்து போனார்கள். ஒவ்வோர் உருவமாகத் தெருவிலிருந்து மறைந்துகொண்டே வந்தது. மண்டபத்தில் கண்ணாடிகளைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது.

தியாகசுந்தரம் நேரே கோயில் குளத்துக்குப் போய் வேட்டியோடு முழுக்குப் போட்டாராம். பொய்யூரில் பட்ட தீட்டுக்கு நிஜக் குளத்தில் முழுக்கு! இதைக் கேட்டு எங்கள் காலனி வயிறு வலிக்கச் சிரித்தது. வேலை போய், கடையில் அரிசி இல்லாமல், தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் அந்தத் தெருவில் கால் வைக்கவே இல்லை. பொய்யூரில் அந்தத் தெரு தீட்டாகிவிட்டதாம். தங்கள் முறை வரும்போது கொல்லைப்புறமாக இறங்கி, மேற்கே குளக்கரையைப் பிடித்துச் சுற்றிப் போனார்கள். வைராக்கியமாகப் போனார்கள், பெண்டு பிள்ளைகளையும் அப்படியே போகச் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்கு வைராக்கியம் தெரியுமா, தீட்டு தெரியுமா? அது காலை மட்டும் பார்த்தது.

அடுத்த வரைபடத்தில் எல்லாம் தலைகீழ். பூங்காவும் சுவரும் போயே போச்சு. பெரிய தெரு எங்கள் காலனிக்குள் வரை அகலமாக நீண்டிருந்தது. ஊர்க்காரர்கள் வீட்டு வாசல் எல்லாம் கொல்லைப்புறமாகத் திரும்பிவிட்டது. பெரிய தெருவின் பக்கம் அவர்களுக்கு ஒரு சின்னக் கொல்லைக் கதவு மட்டும்தான். நடமாட்டம் எங்கே இருந்ததோ அங்கே, தெருவின் தெற்குக் கோடியில், எங்கள் தலைமாட்டில், புயல் கட்டடம் வந்து நின்றது. ஊர்க்காரர்கள் அதற்கு வர வேண்டுமானால் குளக்கரையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு வயிறு குளிர்ந்தது. அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்.

குளிர்ந்த வயிறு ஒரு நாள் தாங்கவில்லை. பிளானைப் பூட்டுகிற அன்று பிரணவ் என்னையும் அப்பாவையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டான். தியாகசுந்தரமும் இன்னும் சில பேரும் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் புது வரைபடம். புயல் கட்டடம் பழையபடி வடக்கு மேட்டுக்கு ஏறியிருந்தது. ஊர் வாசல்கள் எல்லாம் முன்பக்கம் திரும்பியிருந்தன. தெருவின் தெற்கு வாயில் மறுபடியும் பூங்கா.

"இது எந்தக் கால் நடந்து வந்தது தம்பி?" என்றேன்.

"நான்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கேன் அக்கா. உங்களுக்கும் வாய்க்கால் கரையை உயர்த்தி கான்கிரீட் போட்டுடறோம். உடையவே உடையாது."

"கையால மாத்த முடியாதுன்னிங்களே?"

"இது விதிவிலக்குக்கா. அவங்க ஏதோ கோவத்துல அந்தத் தெருவுல நடக்காம விட்டுட்டாங்க. அது அவங்க நிஜமான தேவை கிடையாது. டேட்டா தப்பு."

"நாங்க பயத்துல நடக்காம விட்டப்ப மட்டும் டேட்டா சரியா?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே, "அக்கா, புரிஞ்சுக்கோங்க. அந்தப் பக்கம் குழந்தைங்க இருக்காங்க, கர்ப்பிணிங்க இருக்காங்க. உயிர் விஷயம்" என்றான்.

"தமிழ்க்கொடி வயித்துல இருந்தது என்னா தம்பி?"

 தியாகசுந்தரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிரணவ் மெல்லச் சொன்னான். "கையால மாத்தினா ரெண்டு தரப்பும் சம்மதம்னு கேமரா முன்னாடி சொல்லணும், அதுதான் விதி. அவங்க சொல்லிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அப்ப இந்த விதி மொதல்லேருந்தே இருந்திருக்கு. எங்களுக்காக மாத்தலாமான்னு அவங்ககிட்ட நீங்க கேட்டிங்களா?"

"அக்கா…"

"கேட்டிங்களா, இல்லையா?"

"இல்லக்கா. எப்படியும் குடுக்க மாட்டாங்கன்னு…"

"நாங்க மட்டும் குடுத்துடுவோம்னு நெனச்சிங்களாக்கும்."

 தியாகசுந்தரத்தைப் பார்த்து ஒன்று சொன்னேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். "பூட்டுறதுக்கு இன்னும் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. உங்க சனத்தக் கூட்டிக்கிட்டு வந்து அந்தத் தெருவுல நடங்க. நாங்களும் நடக்குறோம். கட்டடம் தானா தெரு நடுவுல வந்து நிக்கும், ரெண்டு பேருக்கும் பொதுவா. யாரும் கை வைக்க வேண்டாம்."

தியாகசுந்தரம் என் பக்கம் திரும்பவே இல்லை. "வேம்பையா, பொட்டச்சியப் பேச விட்டு வேடிக்க பாக்காத. நீ பெரியவன். சம்மதம்னு சொல்லிட்டுப் போ" என்றார்.

 அந்தக் குரலுக்கு அப்பா அறுபது வருஷமாகத் தலையாட்டிப் பழகியவர். அவர் சொன்னாலும் செல்லும். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஐயா, ரோடு அங்கதான் கெடக்கு. நடந்து வாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாம்மா போவம்" என்றார்.

சாயங்காலம் வரை சமுதாயக் கூடத்துத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெரிய தெருவில் அவர்களில் ஓர் உருவம்கூட வரவில்லை. கால் போட்ட பிளானையே பூட்டினார்கள். பூட்டியபடியே கட்டினார்கள்.

கட்டி முடித்த மறு வருஷமே, கார்த்திகையில் அடுத்த புயல் வந்துவிட்டது. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. சைரன் ஊதியதும் எங்கள் சனம் பாய், சட்டி, ஆடு, கோழி எல்லாவற்றோடும் புயல் கட்டடத்தில் ஏறிவிட்டது. கீழ்மாடியே எங்களுக்குப் போதும். மேல்மாடி அப்படியே காலி. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து பிரணவ் போன் செய்தான்.

"எல்லாரும் வந்துட்டாங்களா அக்கா?"

"நாங்க வந்துட்டோம்."

"அவங்க?"

"அவங்க உங்க பிளான்படி குளக்கரையச் சுத்தித்தான் வரணும் தம்பி. அங்க கழுத்தளவு தண்ணியாம், பள்ளிக்கூடத்து மேட்டுக்கும் அந்தப் பக்கமா ஏற முடியாதாம்."

 "நேர் ரோடு இருக்கேக்கா. கொல்லைக் கதவைத் திறந்தா அந்த ரோடுதானே" என்றான்.

"இருக்கு. கெடக்கு. ஒருத்தரும் தொறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

தெரு எனக்கு முன்னால் நேராகக் கிடந்தது. மேடாகப் போட்ட தெரு, இன்னும் தண்ணீர் ஏறவில்லை. சோலார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அவர்கள் வீட்டு முதுகுச் சுவர், சுவருக்கு ஒரு கொல்லைக் கதவு, அத்தனையும் சாத்திக் கிடந்தன. தியாகசுந்தரத்தின் மருமகளுக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்தது என்று கேள்வி.

"கதவச் சாத்தும்மா, சாரல் உள்ள அடிக்குது" என்றார் அப்பா.

"கெடக்கட்டும்."

எனக்கு அவர்கள்மேல் இருக்கிற ஆத்திரம் எள்ளளவும் குறையவில்லை. அக்காவை நான் மறக்கவும் இல்லை, யாரையும் மன்னிக்கவும் இல்லை. வரட்டும். வந்து இந்தப் படியில் கால் வைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போகிறேன். ஆனால் வரட்டுமே. ஒரே ஒரு கதவாவது திறக்கட்டுமே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று திரும்பியது. முதல் வீட்டுச் சுவரின் அடியில் தண்ணீர் பளபளத்தது. கதவு எதுவும் திறக்கவில்லை.

அப்பாவின் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். அவர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. மழை முகத்தில் அறைந்தது. "வாங்கய்யா வெளியே! செத்துத் தொலையுறதுக்கா வீடு கட்டிக்கிட்டிங்க?" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, முதல் கொல்லைக் கதவில் ஓங்கி ஓர் உதை விட்டேன்.